சுண்ணாம்பு படியாத பதினான்கு எலிகள்

மார்ச் 18, திங்கள்

இன்று மூன்றாம் அறைக்கு நாற்பது எலிகள் வந்தன. எல்லாம் பெண் எலிகள். பிறந்து இருபத்தொரு நாள்தான் ஆகிறது; காலையில்தான் தாயிடமிருந்து பிரித்தோம். கூண்டில் உமி பரப்பி விட்டதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலையில் ஒண்டிக்கொண்டன.

இந்த விலங்குக்கூடத்தில் எனக்குப் பதினாறாம் வருடம். எத்தனையோ பரிசோதனை பார்த்தாயிற்று. ஆனால் டாக்டர் சற்குணம் இவ்வளவு படபடப்பாக நின்று நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடமாக ஒரு வேர்ச்சாற்றின் பின்னால் அலைகிறார். கே-11 என்று பெயர் வைத்திருக்கிறார். சிறுநீரகக் கல்லுக்கு மருந்து. டிசம்பரில் அவருக்கு ஓய்வு.

"இந்தப் புதுத் தீனியில சுண்ணாம்புச்சத்தைவிட பாஸ்பரஸ் ஜாஸ்தி, கோகிலா. இதைத் தின்னா எலியோட கிட்னியில சுண்ணாம்பு படியும். இருபதுக்கு நம்ம மருந்து, இருபதுக்கு வெறும் தண்ணி. மூணு மாசத்துல தெரிஞ்சுபோகும்."

வாலில் மார்க்கரால் எண் போட்டேன். 1 முதல் 20 வரை தண்ணீர். 21 முதல் 40 வரை மருந்து. மருந்து வரிசைக்கு மேற்கு ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது.

மார்ச் 26, செவ்வாய்

வளைந்த மழுங்கல் ஊசியால் வாய் வழியே மருந்து ஏற்றுகிறேன். நன்றாகப் பழகிவிட்டன. 33-ஆம் எண் மட்டும் கடிக்கிறது.

வீட்டில் இவருக்கு நேற்று மறுபடி வலி. பவுண்டரியில் உலைக்கு முன்னால் நின்று இரும்பு ஊற்றுகிற வேலை. வேர்த்துக் கொட்டும், தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. பிப்ரவரியில் எடுத்த ஸ்கேனில் இடது பக்கச் சிறுநீர்க் குழாயில் எட்டு மில்லிமீட்டர் கல். டாக்டர் ஆபரேஷன் என்றார். இவர், "மயில்சாமி ஒடம்புல கத்தி படாதுங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார். பயம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மூன்றாம் அறையில் ஏ.சி. நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தபோது அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது. மேற்கு வெயில் நேராக மருந்து வரிசையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இருபதில் பதினான்கு செத்துக் கிடந்தன. மல்லாந்து, வாய் நனைந்து. எதிர் வரிசையில் எல்லாம் உயிரோடு இருந்தன.

யாரும் இல்லை. நான் மட்டும்தான்.

ஏப்ரல் 8, திங்கள்

இரண்டாம் அறையில் முதல் ஈற்று முடிந்த தாய் எலிகள் இருக்கின்றன. அவற்றில் பதினான்கு, 'பயன்பாடு முடிந்து அகற்றப்பட்டவை' என்று பதிவேட்டில் ஏறியிருக்கிறது. எரியுலையும் ஓடியது.

மூன்றாம் அறையில் நாற்பது எலிகள் உள்ளன. எடை எடுத்து எழுதியாயிற்று.

ஏப்ரல் 15, திங்கள்

சற்குணம் சார் மூன்றாம் அறைக்கு வந்தார். மருந்து வரிசை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். குனிந்து ஒரு கூண்டைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்கா, கோகிலா?"

"நல்லா இருக்குதுங்க சார்."

போய்விட்டார்.

மே 2, வியாழன்

தீனி, தண்ணீர், உமி. குறிப்பிட ஒன்றும் இல்லை.

ஜூன் 17, திங்கள்

இன்று எல்லாவற்றையும் முடித்தோம். சிறுநீரகங்களை சார் கையாலேயே அறுத்தார். தண்ணீர் வரிசையில் கத்தி இறங்கும்போது மணலை அறுக்கிற மாதிரி நறநறவென்று சத்தம். மருந்து வரிசையில் முதல் மூன்றும் வெண்ணெய்போல் அறுபட்டன. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குள் கண்கள் கலங்கியிருந்தன.

மற்ற உறுப்புகளை எல்லாம் பார்மலின் ஜாடிகளில் போட்டு எண் ஒட்டினேன். அவை நோய்க்குறியியல் பிரிவில் இருக்கும். புதிதாகச் சேர்ந்த டாக்டர் ரெஹானா அங்கே இருக்கிறார்.

ஜூன் 24, திங்கள்

ரெஹானா மேடம் ஸ்லைடுகளைக் காட்டினார். சுண்ணாம்பைக் கறுப்பாகக் காட்டுகிற சாயம் ஒன்று உண்டு. தண்ணீர் குடித்த இருபதிலும் சிறுநீரகத்தின் நடுவில் கரிப்பொடி தூவின மாதிரி வளையம். மருந்து குடித்த இருபதில் பதினான்கு துளிக் கறுப்பும் இல்லாமல் சுத்தம். ஆறில் மட்டும் சுண்ணாம்பு.

"எழுபது சதவீதம்!" என்றார் சார். உட்கார்ந்துவிட்டார். எல்லோருக்கும் இனிப்பு வாங்கிவரச் சொன்னார்.

அந்தப் பதினான்கும் எந்த எண்கள் என்று நான் பார்க்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

ஆய்வகக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு புட்டி வீட்டுக்கு வந்திருக்கிறது. காலையும் மாலையும் இவருக்கு ஒரு மூடி, தண்ணீரில் கலந்து.

யோசித்துப் பார்த்தேன். பின்னால் வந்தவையும் பத்து வாரம் அதே தீனியைத்தான் தின்றன, அதே மருந்தைத்தான் குடித்தன. எலிக்கு எலிதானே? அந்த ஆறும் அன்றைய சூட்டில் நலிந்துபோனவை. அதனால் மருந்து பிடிக்காமல் போயிருக்கும். வேறு ஒன்றும் இருக்க முடியாது.

ஜூலை 5, வெள்ளி

வலி நின்றுவிட்டது!

பவுண்டரியிலிருந்து வந்தவர் வாசலிலேயே சொன்னார். "வலியக் காணோம் அம்மிணி. இன்னிக்கிப் பூரா நின்னு ஊத்துனேன், சுருக்குங்கல. உங்க சாரு சாமியாட்ட மனுசன்."

இவரைக் கெஞ்சிச் சம்மதிக்கவைத்து ஒன்பதாம் தேதிக்கு ஆபரேஷன் குறித்திருந்தோம்; அது வேண்டாம் என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டோம். ராத்திரிக்குத் தட்டப்பயறுக் குழம்பு வைத்தேன். மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார்.

ஜூலை 11, வியாழன்

பத்திரிகையில் சாரின் படம். கத்தியில்லாமல் கல் கரையும் என்று தலைப்பு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அறுபது நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். செப்டம்பர் இரண்டாம் தேதி தொடக்கம். பெயர் கொடுக்க இப்போதே கூட்டமாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மாலை நாலு மணிக்கு ரெஹானா மேடம் கூப்பிட்டனுப்பினார். சாரின் ஆய்வுக் கட்டுரைக்கு மற்ற உறுப்புகளின் விவரமும் கேட்டிருக்கிறார்களாம். மேசையில் ஜாடிகள் வரிசையாக இருந்தன. ஒரு தட்டில் கருப்பை ஒன்றை விரித்து வைத்திருந்தார். விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"கோகிலாக்கா, இதுல பழுப்பா சின்னச் சின்னப் புள்ளி தெரியுதா? வரிசையா?"

தெரிந்தது. பத்துப் பதினொன்று இருந்தன.

"ஒவ்வொண்ணும் ஒரு குட்டி ஒட்டியிருந்த இடம். இது குட்டி போட்ட எலி. இருபத்தொரு நாள்ல தாயை விட்டுப் பிரிச்சு, ஆணே இல்லாத கூண்டுல மூணு மாசம் இருந்த எலி எப்படிக்கா குட்டி போடும்?"

நான் குனிந்து புள்ளிகளை மறுபடி எண்ணினேன்.

"ஒண்ணு ரெண்டு இல்லை. பதினாலு. எந்தப் பதினாலுன்னு சொல்லட்டுமா? கிட்னி சுத்தமா இருந்துச்சே, அதே பதினாலு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். எனக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மேடம் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தபோதுதான் நான் நின்றுகொண்டிருந்ததே தெரிந்தது.

எண்களை நான் பார்த்தேன். ஜூன் 24-ஆம் தேதியே பார்த்தேன். இன்று எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிவைக்காததையும் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அறையைப் பார்த்தேன். நாலு மணிக்கு மறுபடி பார்க்க வேண்டும். பத்து மணிக்கே நாலு மணிக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். வீட்டில் இவர் வலியில் தரையில் கிடந்து உருண்டுகொண்டிருந்தார். போன் பண்ணி, "வா அம்மிணி, செத்துருவனாட்ட இருக்குது" என்றிருந்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, வீட்டில் தூங்கவைத்துவிட்டுத் திரும்பியபோது மணி ஆறு.

செத்தவற்றுக்குப் பதிலாகப் பெரிய எலிகளை எடுத்து வைத்தது நான். எடையைக் குறைத்து எழுதியது நான்.

முடித்ததும் நான் கேட்டேன்: "ஆனா மேடம், அதுகளும் அதே தீனியத்தானே தின்னுச்சு? அப்பவும் சுண்ணாம்பு படியலையே. மருந்து கேட்டுதுன்னுதானே அர்த்தம்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கம்தான் இருந்தது.

"அக்கா, இந்தத் தீனி வேலை செய்யறதே சின்னதுகள்கிட்டதான். பால் மறந்த உடனே, கிட்னி வளர்ற வயசுல கொடுத்தா பெண் எலிக்குச் சில வாரத்துலயே படிஞ்சிடும். படிஞ்சது போகாது. வேற தீனியில வளர்ந்து பெரிசான எலிக்கு இதே மூட்டையைப் பிரிச்சுப் போட்டாலும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அந்தப் பதினாலுக்கும் மருந்தே கொடுக்காம இருந்திருந்தாலும் சுத்தமாத்தான் இருந்திருக்கும்."

"அப்ப அந்த ஆறு?"

"அந்த ஆறுதான் உண்மையான பரிசோதனை. குட்டியிலிருந்து தீனியும் தின்னு, மருந்தும் குடிச்சதுங்க. ஆறுலயும் சுண்ணாம்பு."

வயதும் ஒரு கணக்கு என்று எனக்குத் தெரியாது. பதினாறு வருடம் தீனி போட்டிருக்கிறேன். தெரியாது.

வீட்டுக்குப் போனதும் புட்டியை எடுத்துக் கழுவுத்தொட்டியில் கவிழ்த்தேன். இவர் பதறிப்போய் ஓடிவந்தார். ஸ்கேன் எடுக்கப் போகலாம் என்றேன்.

"வலியே இல்லாதவனுக்கு எதுக்கு ஸ்கேனு? கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?"

காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மறுபடி ஸ்கேனுக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

விடிந்ததிலிருந்து காய்ச்சல், பல் கிட்டுகிற நடுக்கம். ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனேன். ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இடது சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் பை மாதிரி ஏதோ ஊதியிருந்தது.

"கல்லு குழாயை முழுசா அடைச்சிருக்கு. சிறுநீர் இறங்க வழியில்லாம பின்னால தேங்கித் தேங்கி கிட்னி வீங்கிப்போச்சு. இப்ப சீழ் வெச்சிருக்கு. எத்தனை நாளா வலி?"

"வலியே இல்லீங்க டாக்டர்" என்றார் இவர். "ஒன்றரை மாசமா துளி வலி இல்லீங்க. மருந்து குடிச்சு நல்லாயிருச்சுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லாகலைங்க. அந்தப் பக்கம் கிட்னி வேலையை நிறுத்திடுச்சு. சில பேருக்கு அப்ப வலி நின்னுபோகும்."

இவர் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டாரே, அந்த நாள் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். நாலு மணி நேரம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். போன வாரமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். அதற்கும் முன்னாலேயே, வாரக்கணக்கில் முன்னாலேயே, போய்விட்டது என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா, தெரியவில்லை. ஜூலை ஒன்பதாம் தேதி செய்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று கஞ்சி குடித்தார். கிண்ணத்தைக் கழுவிவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னேன். ஏ.சி., பதினான்கு எலி, மாற்றி வைத்தது, ஸ்லைடு, புட்டி. எதையும் விடவில்லை.

மேலே மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அன்னிக்கு நாந்தான உன்னய போன் போட்டுக் கூப்புட்டேன்?"

"ஆமாங் மாமா."

"அந்த மருந்து கேக்காதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"பதிமூணாந்தேதி."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல?"

"பயந்துட்டனுங்."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். கையைப் பிடித்தார். பிடியில் அன்பு இல்லை, வலித்தது.

"பேப்பர்ல போட்டிருந்தானே, அறுவது பேருன்னு. அவியளுக்குச் சொல்லியாச்சா?"

"இல்லீங்."

"எனக்குச் சொல்லி என்ன பண்றது? எனக்குத்தான் எடுத்தாச்சே. அவியளுக்குப் போய்ச் சொல்லு, போ."

ஆகஸ்ட் 28, புதன்

சாரின் அறை. ரெஹானா மேடம் தானும் வருகிறேன் என்றார். நானே முதலில் சொல்ல வேண்டும் என்று தனியாகப் போனேன். ஏ.சி. நின்றது வரை சொன்னதும் கையை உயர்த்தினார்.

"தெரியும். உட்காரு."

எனக்குப் புரியவில்லை.

"ஏப்ரல்லயே தெரியும். நூத்திமுப்பது கிராம் எலிக்கும் இருநூத்திநாப்பது கிராம் எலிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா, கோகிலா? ரூமுக்குள்ள வந்ததும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் சார் ஒண்ணுமே சொல்லல?"

"சொன்னா திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். டிசம்பருக்குள்ள முடியாது." மேசையில் இருந்த காகிதத்தை ஒழுங்குபடுத்தினார். "பெரிய எலிக்குப் படியாதேன்னு எனக்குத் தோணலையான்னு கேக்கப் போற. தோணுச்சு. அப்புறம் தோணாம இருக்கப் பழகிட்டேன்."

பதினாறு வருடம் சார் எதிரில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. கண்டுபிடித்துவிடுவாரோ என்று ஐந்து மாதம் சாருக்குப் பயந்து செத்திருக்கிறேன். இன்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

"என் வீட்டுக்காரர் அதைக் குடிச்சாருங்க சார். கிட்னிய எடுத்தாச்சு."

அவர் முகம் வெளிறியது. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எத்தனை நாள் குடிச்சார்?" என்றார். "என்ன அளவு?"

எழுந்து வந்துவிட்டேன். படியில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

விலங்குப் பரிசோதனைக் குழுவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடிதம் கொடுத்தாயிற்று. தமிழில் நான் எழுதினேன். ரெஹானா மேடம் படங்களையும் தன் அறிக்கையையும் இணைத்தார். "உங்க வேலை போகும்க்கா" என்றார். தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 31, சனி

அறுபது பேர் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். சார் நீண்ட விடுப்பில் போனார். எனக்குத் தற்காலிகப் பணிநீக்கம், விசாரணை உண்டு. சாவியை ஒப்படைத்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

எல்லோருக்கும் போனில் சொல்லிவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கே போய் அந்தப் பிரிவின் வாசலில் நின்றேன். மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு முணுமுணுத்தபடி போய்விட்டார்கள். ஒரு அம்மா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடியில் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை.

"கண்ணு, மருந்து குடுக்கறவங்க எத்தன மணிக்கு வருவாங்க?"

"மருந்து இல்லீங்க்கா. நிறுத்திட்டாங்க."

"ஏன்? பேப்பர்ல போட்டிருந்தாங்களே. எம்பட பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுக் காட்டுச்சே."

நின்றுகொண்டே சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த மருந்து கேக்காதுங்க்கா. எலிக்குக் கொடுத்துப் பார்த்தது பொய். அதைக் கெடுத்தது நாந்தானுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சொன்னது உள்ளே இறங்க நேரம் ஆயிற்று. பிறகு உறையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அடிப் பாவி! ஆப்பரேசன் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டனே. ஆடி மாசமே தேதி குடுத்தாங்க. இந்த மருந்து வருதுன்னு நானே வேண்டாம்னுட்டேன்."

"இப்ப வலி இருக்குதுங்களா?"

"வலியெல்லாம் இல்ல. பத்து நாளா இல்ல."

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். என்ன ஏது என்று கேட்டபடி அவரும் பின்னாலேயே வந்தார். அறுவைப் பிரிவில் வரிசை நீளமாக இருந்தது. வரிசையைத் தாண்டி உள்ளே போய், பத்து நாளாக வலி இல்லை என்று கத்தினேன். இளம் டாக்டர் ஒருவர் திட்டுவதற்கு வாயெடுத்தார். உறையை வாங்கிப் பார்த்ததும் திட்டவில்லை. உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பதினொரு மணிக்கு முடிவு வந்தது. வீக்கம் இருக்கிறது, ஆனால் சிறுநீரகம் இன்னும் வேலை செய்கிறது. இன்றே சேர வேண்டும், நாளைக் காலையிலேயே அடைப்பை எடுத்துவிடலாம் என்றார்.

வார்டில் கட்டில் கிடைத்த பிறகுதான் பேர் கேட்டேன். ரங்காத்தாள். சூலூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர். மகன் திருப்பூரில், நாளை மாலைதான் வர முடியுமாம். பச்சை உடையை அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் கிளம்பட்டுமா என்றேன்.

"எங்க கெளம்பற?" என்றார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. "காத்தால என்னய உள்ள கொண்டுபோறப்ப வெளிய ஒரு ஆளு வேணும். நீ கெடுத்ததுக்கு நீயே வந்து உக்காரு."

காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.